இரண்டு நடை

ஷார்ஜாவில் யாருடைய புல்லுக்கோ
நாளெல்லாம் தண்ணீர் விடுகிற இஞ்ஞாசி
போன லீவில் எங்கள் முற்றத்திலும் புல் பதித்துவிட்டுப் போனான்.
பிறகு சிநேகிதன் ஒருவன் கையில்
கம்பளிக்குள் சுருட்டி
ஆறு தெளிப்பான் தலைகள் கொடுத்தனுப்பினான்.
“தொடாதே. கார்த்திகையில் வந்து நானே போடுறேன்.”

கேரளா என்றால் மழை என்பவர்கள்
வேலந்தாவளத்துக்கு வந்து சொல்லட்டும்.
பங்குனியில் புல் தேங்காய் நாரின் நிறத்துக்கு வந்தது.
எடைமேடையில் பகல் முழுக்கத் தக்காளி லாரிகளுக்குச் சீட்டு எழுதி
வீட்டுக்கு வந்து
இரண்டு மணி நேரம் ஹோஸ் பிடித்து நின்றதில்
கொசு மட்டும் தழைத்தது.

புல் கார்த்திகை வரை காத்திருக்காது.
நானும்.

முக்கால் இஞ்சுக் குழாய் ஒன்பது, எல்போ நான்கு,
டீ ஆறு, ஒரு டப்பா பசை.
“மதியோ சேச்சி?” என்றார் கடைக்காரர்.
போதுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?
தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு சாண் ஆழம்தான்.
ஆனால் பங்குனிக் கரிசல்
கடப்பாரையைத் திருப்பி அடிக்கும்.
முந்தின இரவே நனைத்து வைத்தால் இளகும் என்பது
மூன்றாம் நாள் உறைத்தது,
உள்ளங்கையில் தோல் போன பிறகு.

பசை தடவிச் செருகி
முப்பது எண்ணும்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.
பத்தொன்பதில் கைவிட்டவை எல்லாம்
பிறகு ஒழுகிக் காட்டிக்கொடுத்தன.

ஞாயிறு, பூசை முடிந்து வந்து, மோட்டாரைப் போட்டேன்.
ஆறு தலையும்
தூங்குகிற பிள்ளையின் வாய் போல
எச்சில் வடித்தன.

குழாய் வாயில் வாளியை வைத்தேன்.
பதினைந்து லிட்டர் நிறைய இருபத்திரண்டு விநாடி.
நிமிடத்துக்கு நாற்பது, சொச்சம்.
தலை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால்
ஆறுக்கு எழுபத்திரண்டு.
லாரியாக இருந்தால் பார்த்ததும் சொல்லியிருப்பேன்:
ஓவர்லோடு.
பாதியை இறக்கு. இரண்டு நடை அடி.

இரண்டு வால்வு. மும்மூன்று தலை.
மறுபடி கடை, மறுபடி மதியோ.
இந்த முறை நான் “மதி” என்றேன்.

எழுந்தது.
டிக் டிக் டிக் டிக், கடைசியில் ட்ர்ர்ர் என்று திரும்பி
மறுபடி முதலிலிருந்து.
நான்காவது மட்டும் நின்ற இடத்தில் நின்றது.
கழற்றினேன். உள்ளே ரம்பம் உதிர்த்த
ஒரு வெள்ளைச் சுருள், நகத்துணுக்கு அளவு.
தலையை மாட்டுமுன் குழாயைக் கழுவியிருக்க வேண்டும்.

ஒன்றின் தண்ணீர் அடுத்ததின் காலை நனைக்க வேண்டும்
என்பதும் நடுவில் காய்ந்த வட்டங்களைப் பார்த்த பிறகுதான்.
இரண்டைப் பிடுங்கி நெருக்கி நட்டேன்.

சாயங்காலம் கணவாய்க் காற்று
தெளித்ததில் ஒரு பங்கை அள்ளிக்கொண்டு கிழக்கே போகிறது.
வேலிக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாளின் களம், தமிழ்நாடு.
முதல் நாள் அவள் மிளகாய் நனைந்தது; திட்டினாள்.
மறுநாள் மிளகாயைத் தள்ளிப் போட்டுவிட்டு
கன்றை அந்த இடத்தில் கட்டினாள்.
அது கண்ணை மூடி முதுகைக் காட்டுகிறது.
ஆழியாற்றுத் தண்ணீருக்கு எத்தனையோ பேச்சுவார்த்தை.
இந்தத் தண்ணீரை நான் எந்தச் சீட்டிலும் ஏற்றவில்லை.

ஐந்தரைக்கு இஞ்ஞாசி கூப்பிட்டான்.
எப்போதும் அவன் குரலுக்குப் பின்னால் அந்த டிக் டிக் இருக்கும்.
“ஒண்ணும் கேக்கல. இரு, அடைச்சிட்டு வர்றேன்.”
செருப்புச் சத்தம். வால்வு திருகும் சத்தம்.
திரும்பி வந்தான்.

“அடைச்சுட்டேனே.
இன்னும் கேக்குது.”

நான் போனைக்
கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தேன்.